வேப்பிலை செருகிய பின்கதவு

ஆரணியில் ஜீவானந்தத்துக்குத் தெரியாத வீடு கிடையாது. ஆனால் அதில் பாதி வீடுகளின் தெருவாசலை அவன் பார்த்ததில்லை.

பதினேழு வருடமாகச் சிலிண்டர் போடுகிறவன் அவன். பட்டு நெய்கிற தெருக்களில் சிலிண்டர் தெருவாசல் வழியாக உள்ளே போகாது. முன்னறை முழுக்கத் தறி. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பாவு இழுத்துக் கட்டியிருக்கும். முடியைப் போல மெலிந்த அத்தனை ஆயிரம் இழைகளுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த இரும்பைத் தூக்கிக்கொண்டு நடக்க எவனை விடுவார்கள்? ஆகவே பின்னால் இருக்கும் சந்து வழியாகத்தான் போவான். சாக்கடையைத் தாண்டி, காயப்போட்ட துணிக்குக் குனிந்து, சமையலறைக்குத் திறக்கிற கதவைத் தட்டி, "கேஸு" என்று ஒரு குரல் கொடுப்பான். அந்தக் குரலே அவனுக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. "கேஸு வந்துகிறாரு பாரு", "கேஸு, வாஷர் லீக் அடிக்குது, பாத்துட்டுப் போ."

நாற்பத்தொரு வயது. கண்ணமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஒருமுறை கல்யாணம் ஆகி, அந்தப் பெண் பத்தே மாதத்தில் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை. "பேசவே மாட்டேங்கறாருங்க. சுவத்த கட்டிகினு வாழ்ற மாதிரி கீது" என்று அவள் பஞ்சாயத்தில் சொன்னாள். அதற்கும் அவன் ஒன்றும் பேசவில்லை. அதோடு முடிந்தது. அரிசி ஆலைக்குப் பின்னால் ஒற்றை அறை, தவிடு வாசனை, ஒரு தட்டு, ஒரு தம்ளர்.

போட்டோ எடுக்கிற பழக்கம் ஒரு மழைநாளில் தொற்றியது. காலி சிலிண்டரை எடுத்துவர உள்ளே போன அம்மாளுக்காகச் சந்தில் நின்றிருந்தான். எதிரில் ஒரு பச்சைக் கதவு. கீழே பாதி மழையில் நனைந்து கருத்திருந்தது, மேல்பாதி வெளிறிக் காய்ந்திருந்தது. கதவின் தாழ்ப்பாளில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டை தொங்கியது. கைப்பேசியை எடுத்தான். அறைக்கு வந்து பார்த்தபோது அது அவன் நின்ற சந்தாகவே இல்லை. யாரோ அவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியதுபோல் இருந்தது. அதை யாருக்காவது காட்டவேண்டும் என்று தோன்றியது. காட்ட யாரும் இல்லை. அதனால் இன்ஸ்டாகிராமில் 'பின்கட்டு' என்று ஒரு பக்கம் திறந்து போட்டான். ஊர் பெயர் போடவில்லை, தன் பெயரும் போடவில்லை. மறுநாள் காலை, முகம் தெரியாத யாரோ ஒருத்தர் சிவப்பு இதயம் ஒன்றை வைத்திருந்தார். அன்றைக்கு வண்டியில் போகும்போது அதை நாலு தடவை எடுத்துப் பார்த்தான்.

இரண்டு வருடத்தில் இருநூறு கதவுகளுக்கு மேல் சேர்ந்தன. பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதுவான். 'உள்ளே யாரோ இருக்கிறார்கள்.' 'தட்டினால் திறக்கும் என்றுதான் தோன்றுகிறது.' அமெரிக்காவிலிருந்து ஒருவர், 'உங்கள் படங்களைப் பார்த்தால் அம்மாவின் குரல் கேட்கிறது' என்று எழுதினார். வாயால் ஒருவரிடமும் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசாதவனுக்கு அதெல்லாம் பெரிய புழக்கம்.

ஒரேயொரு கட்டுப்பாடு வைத்திருந்தான். படத்தில் ஆள் இருக்கக்கூடாது. கை, கால், நிழல்கூட வரக்கூடாது. ஆள் இல்லாத படத்தில் யாருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது என்பது அவன் கணக்கு.

வண்டி ஓட்டும் தென்னரசுவுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம். "இன்னாடா எப்பப் பாத்தாலும் கதவையே பாத்துகினு நிக்கற? பொண்ணு பாக்கற வயசுல கதவு பாக்கறவன் நீ ஒருத்தன்தான்டா" என்பான். ஜீவானந்தம் சிரித்துவிட்டு அடுத்த சிலிண்டரை உருட்டுவான்.

அத்தனை கதவுகளில் ஒரே ஒரு கதவுக்குள் மட்டும் அவனுக்கு உட்கார இடம் இருந்தது. அது சிவசங்கரியின் வீடு.

அவளும் புருஷன் கமலக்கண்ணனும் ஒரே தறியில் மாற்றி மாற்றி நெய்கிறவர்கள். பாவும் நூலும் கொடுத்து வேலை வாங்குகிற மேஸ்திரி சுப்பராயலு. பின்கதவுக்கு உள்ளே ஒரு மரப்பலகை கிடக்கும். சிலிண்டர் மாட்டி முடித்ததும், "ஒக்காருங்கண்ணா, டீ வெச்சிகினு கீறேன்" என்பாள். முதலில் இரண்டு முறை நின்றே குடித்தான். மூன்றாவது முறை உட்கார்ந்தான். சில நாள் இரண்டு நூல்கண்டுகளைக் கதவுக்கு வெளியே வெளிச்சத்தில் கொண்டுவந்து நீட்டுவாள். "உள்ள லைட்ல தெரியல. இதுல எது கருப்பு அதிகம், பாத்து சொல்லுங்க." அவன் பார்த்துச் சொல்வான். "உங்க கண்ணு நல்ல கண்ணுண்ணா. எங்க வூட்டுக்காரருக்கு நாவப்பழமும் ஒண்ணுதான், கத்திரிக்காயும் ஒண்ணுதான்" என்பாள். உள்ளே தறியில் இருக்கும் கமலக்கண்ணன், "கேக்குது, கேக்குது" என்பான். அவள் மகள் கலைமகள், ஏழாவது படிக்கிறவள், பலகையின் மறுமுனையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சிலிண்டர் அந்த வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான். ஆனால் அந்தச் சந்தில் வேறு வீட்டுக்கு வந்தாலும் அவள் எட்டிப் பார்த்தால் கூப்பிடுவாள். அந்தச் சந்துக்கு லோடு இருக்கிற நாளில் அவன் முகம் கழுவிக்கொண்டு வருவான். தென்னரசு அதையும் கவனித்திருந்தான். அதைப் பற்றி மட்டும் கேலி பேசவில்லை.

ஆனி மாதம் ஒரு காலையில் அந்தக் கதவைத் தட்டினான். பாதிதான் திறந்தாள். தலை வாரவில்லை.

"உள்ள வராதீங்கண்ணா. அங்கியே வெச்சிடுங்க, அவுரு வந்து மாட்டிப்பாரு."

"இன்னாம்மா?"

"கலைக்கு ஆத்தா வந்துகிறா. மூணு நாளாவுது. இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல." குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லிகினு இருக்காதீங்க. தறில முகூர்த்தப் பொடவை ஓடுது. பொடவை சொன்ன கட்சிக்காரங்க, பொண்ணு வூட்டுக்காரங்க, மெட்ராஸ்லேர்ந்து நேர்ல வந்து தறியப் பாத்துட்டுப் போனாங்க. இன்னும் ஒரு மொழம் கூட இல்ல, முடிஞ்சிரும். தெருவாசல்ல வேப்பிலை சொருவினா ஊருக்கே தெரியும். சொருவாம இருந்தா ஆத்தாளுக்கு இன்னா பதில் சொல்றது? அதான் இந்தாண்ட சொருவிட்டேன்."

அப்போதுதான் பார்த்தான். நீலக்கதவு. ஓட்டை விழுந்த இடத்தில் பழைய எண்ணெய் டின்னை வெட்டி அறைந்த தகடு. தகட்டில் பாதி மங்கிய ஒரு மயில். நிலைப்படியின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வேப்பிலை. கீழே மஞ்சள் தண்ணீர் வைத்த செம்பு. காலை வெயில் அந்தச் செம்பின் விளிம்பில் மட்டும் நின்றது.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜீவானந்தம் சந்தை இரண்டு பக்கமும் பார்த்தான். கைப்பேசியை எடுத்தான்.

சாயங்காலம் அதைப் போட்டான். 'பச்சை இன்னும் வாடவில்லை' என்று கீழே எழுதினான். வெளியே சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டிருந்தாள். அவன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படித்தான் அவன் அன்றைக்கு நினைத்தான். அதுவரை எந்தப் படத்துக்கும் வராத இதயங்கள் அந்தப் படத்துக்கு வந்தன.

இரண்டு வாரம் கழித்து அதே சந்தில் வேறொரு வீட்டுக்குச் சிலிண்டர் போட்டுவிட்டு வரும்போது சிவசங்கரி தெருமுனையில் நின்றாள்.

"அண்ணா, இந்தாண்டயே வாங்க."

முதன்முறையாக அந்த வீட்டுக்குள் தெருவாசல் வழியாக நுழைந்தான். முன்னறை வெறுமையாக இருந்தது. தறியில் இழை ஒன்றும் இல்லை. மரக்கட்டைகள் மட்டும் நின்றன. தறிக்குழியில் கால்வைக்கும் இடத்தில் ஒரு முறம் கிடந்தது.

"பாவு?"

"சுப்பராயலு அண்ணன் வந்து எடுத்துகினு பூட்டாரு." கைப்பேசியை நீட்டினாள். "இதப் பாருங்க."

நீலக்கதவு. மயில். வேப்பிலை. 'பச்சை இன்னும் வாடவில்லை.'

அவள் சொல்லிக்கொண்டே போனாள். தறி பார்க்க வந்தவர்களில் கல்யாணப் பெண்ணின் தங்கை பின்பக்கம் கைகழுவப் போயிருக்கிறாள். மயில் தகடு பிடித்துப்போய்க் கதவோடு செல்பி எடுத்திருக்கிறாள். அவள் கண்ணில் இந்தப் படம் பட்டிருக்கிறது. அம்மை வார்த்த வீட்டில் நெய்த புடவையைத் தாலிகட்டும்போது உடுத்த மாட்டோம் என்று மேஸ்திரிக்குப் போன் வந்திருக்கிறது. நெய்தவரைக்கும் அறுத்து, மிச்சப் பாவையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பொடவை போவட்டும். 'எங்கிட்டயே மறைச்சிட்டியேம்மா'ன்னாரு பாருங்க, அதுதான் தாங்கல. இனிமே பாவு குடுக்க மாட்டாரு. மத்த மேஸ்திரிங்களும் யோசிப்பாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எவன்னே தெரியல. நீங்க சந்து சந்தா போறவராச்சே. எவனாச்சும் போட்டோ புடிச்சிகினு திரியறானா, கொஞ்சம் பாத்து சொல்லுங்கண்ணா."

ஜீவானந்தம் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான். "பாக்கறேம்மா" என்றான். அந்த வார்த்தை எப்படி வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை.

சந்துமுனைக்கு வந்ததும் அந்தப் படத்தை மட்டும் நீக்கினான். அதைப் பிரதி எடுத்தவர்கள் ஏற்கெனவே வேறு இடங்களில் போட்டிருந்தார்கள். ஒருவர் அதற்கு இசை சேர்த்திருந்தார்.

சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நாலு நாள் இருந்தான். சொன்னால் அந்தப் பலகை போய்விடும். அந்த ஒரு வீடு போனால் இந்த ஊரில் அவன் உட்காருவதற்குத் தன் அறைக் கட்டில் தவிர வேறு இடம் கிடையாது. தெரியாத ஒருவன்மேல் இருக்கும் கோபம் தானாக ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டான்.

கோபம் ஆறவில்லை. அதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. ஐந்தாம் நாள் சந்துக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. எதிர்க் கதவு ரேணுகாதேவிக்கும் சிவசங்கரிக்கும்.

"எங் கதவத் தொறந்தா உங் கதவு தெரியுது. அதுக்கு நான் இன்னா பண்றது, செவுரு எழுப்பவா?"

"உம் மருமவன்தான பெரிய போனு வெச்சிகினு மாடிக்கும் கீழுக்கும் அலையறான்?"

"அவன் உன் வேப்பிலைய ஏண்டி எடுக்கறான்? அவங் கல்யாண போட்டோவே அவனால ஒழுங்கா எடுக்க முடியல!"

இருபது வருடம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் இரண்டு பேரும். ஜீவானந்தம் தோளிலிருந்த சிலிண்டரை இறக்கினான். அது கல்லில் பட்ட சத்தத்தில் இருவரும் திரும்பினார்கள்.

"நான்தாம்மா எடுத்தேன்" என்றான்.

ரேணுகாதேவி முதலில் சிரித்தாள். "இன்னா கேஸு, பஞ்சாயத்து பண்றியா?" அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

சிவசங்கரி நின்ற இடத்திலேயே நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏண்ணா?"

அவனுக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னான். "அழகா இருந்துச்சி."

"இன்னும் வேற கதவுங்களும் வெச்சிருக்கீங்களா? குடுங்க" என்று கை நீட்டினாள். பக்கத்தைத் திறந்து கொடுத்தான். கதவின் படியில் உட்கார்ந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"ஆளு யாருமே இல்லம்மா படத்துல. பாத்து பாத்துத்தான் எடுத்தேன்" என்றான்.

"ஆளு இல்லியா?" அவள் நிமிரவில்லை. "எல்லாரும்தான் கீறாங்க. இது சின்னபொண்ணு வூடு. தாப்பா வெளிய போட்டு கீது பாருங்க. அவ மாமனாருக்கு புத்தி தடுமாறிப் போச்சி. எழுந்து ஆத்தங்கரைக்கு நடந்துடுவாரு. அதான் வெளிய பூட்டிட்டுத் தறில ஒக்காருவா. ஊருக்குத் தெரிஞ்சா, மாமனார அடச்சி வெக்கறாள்னு பேசுவாங்க." விரல் நகர்ந்தது. "இந்தக் கொடிய பாருங்க. பொம்பள துணி மட்டும் தொங்குது. அவ புருசன் சூரத்துல கீறான், மாசாமாசம் வந்து போறான்னு சொல்லிகினு கீறா. எத்தினி மாசமா இந்தப் பொய்யக் கட்டிக் காப்பாத்தறாளோ." இன்னொன்று. "இங்க ரெண்டு எடத்துல பாத்திரம் கழுவிக் கவுத்திருக்காங்க. அண்ணன் தம்பிக்கு ஒலை தனியாப் போச்சி. பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு ஒரே குடும்பம்னுதான் சொல்லிகினு கீறாங்க."

ஜீவானந்தம் அந்தப் படங்களை நூறு தடவை பார்த்தவன். தாழ்ப்பாளில் படிந்த துருவின் நிறம் அவனுக்குத் தெரியும். கொடியின் நிழல் சுவரில் எந்த மணிக்கு எங்கே விழும் என்று தெரியும். கவிழ்த்த பாத்திரங்களின்மேல் வெளிச்சம் வட்ட வட்டமாக நின்றதற்காக அந்தச் சந்தில் அரைமணி நேரம் காத்திருந்தான். அவள் சொன்னது ஒன்றுமே அவன் கண்ணில் பட்டதில்லை.

"நானும் யோக்கியம் இல்ல" என்றாள் சிவசங்கரி. "கட்சிக்காரங்ககிட்ட மறைச்சது என் தப்புத்தான். ஆனா அத நான் எனக்கும் ஆத்தாளுக்கும் நடுவுல வெச்சிருந்தேன். உங்கள அந்தாண்ட விட்டது சிலிண்டருக்கு."

அவன் தலைகுனிந்து, "எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடறேம்மா" என்றான்.

"அழிக்கறது சுளுவுண்ணா. ஒரு விரலு போதும். அழிச்சிட்டா யாருக்கும் தெரியாது, நீங்க பாட்டுக்கு அதே சந்துல சிலிண்டர் உருட்டிகினு போவீங்க. ஒவ்வொரு வூட்லயும் கதவத் தட்டி, 'உங்க பின்கதவ ஊருக்குக் காட்டினேன்'னு சொல்லுங்க. அவங்க சொல்ற மாதிரி பண்ணுங்க." எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். "ரேணுகாக்காகிட்ட நான் போயி மன்னிப்பு கேக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருந்த பலகையின் ஓரம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

எவனுக்குப் பேச்சே வராதோ அவனுக்கு அந்த வேலை. சிலிண்டர் முறை வரும்போதெல்லாம், மாட்டி முடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, கிளம்பும் நேரத்தில் கைப்பேசியை நீட்டுவான். முதல் வீட்டில் கைப்பேசியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றான். "இன்னா கேஸு, கல்யாண பத்திரிகையா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

சின்னபொண்ணு வெகுநேரம் பார்த்தாள். "எங் கதவா இது? இவ்ளோ நல்லாவா கீது?" என்றாள். அப்புறம், "அழிச்சிடு. தாப்பா தெரியுது" என்றாள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். ஏஜென்சிக்குப் போன் போட்டார். முதலாளி கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் வேலை கிடையாது என்றார். ஒரு வீட்டில், "ஏன், எங்கூடு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? ஒண்ணையும் காணோம்?" என்று சண்டைக்கு வந்தார்கள். சூரத்துக்காரன் மனைவி படத்தைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு ஆண்சட்டையை நனைத்துக் கொண்டுவந்து காயப்போட்டாள். அந்தப் படத்தை அங்கேயே நின்று நீக்கினான்.

சில பேர் இருக்கட்டும் என்றார்கள். பேருக்கு ஏழெட்டு மிஞ்சின. 'ஏன் படங்கள் குறைகின்றன?' என்று முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். அமெரிக்காக்காரரும் வரவில்லை. சாயங்காலங்களில் அறையில் கட்டிலில் உட்கார்ந்து, ஆலையில் நெல் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். சந்துகளிலும் ஒரு மாற்றம் வந்திருந்தது. அவன் குரல் கேட்டதும் கொடித்துணியை இழுத்து உள்ளே போடுகிறார்கள். ஒரு பானையை இந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சிலிண்டரை உருட்டப் பழகினான்.

சிவசங்கரிக்கு மேஸ்திரி மனம் இரங்கவில்லை. முள்ளிப்பட்டில் ஒருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்யப் போகிறாள், காலை பஸ்ஸில் போனால் விளக்கு வைக்கிற நேரம்தான் திரும்புகிறாள் என்று தென்னரசு சொன்னான். கமலக்கண்ணன் விசைத்தறிக் கொட்டகைக்குப் போகிறான். மகள் பள்ளிக்கூடத்துக்கு. பகலில் வீடு பூட்டு.

புரட்டாசியில் அவள் வீட்டுப் பெயர் சிலிண்டர் பட்டியலில் வந்தது. காலையிலிருந்தே ஜீவானந்தத்துக்குக் கை ஓடவில்லை. ரேணுகாதேவி சந்தில் நின்று கூப்பிட்டாள்.

"கேஸு, அவளோட காலி சிலிண்டர் எங்கூட்ல கீது. புதுசையும் இங்கியே எறக்கிடு, சாயந்தரம் வந்து எடுத்துப்பா. மெசேஜுல வந்த நம்பர் உனக்கு வேணுமாமே? எங்கிட்ட சொன்னா மறந்துடுவேன்னு அவ கதவுல எழுதி வெச்சிட்டுப் போயிகிறா. பாத்துக்க."

புக் செய்தவரின் போனுக்கு வருகிற அந்த நாலு எண்ணைச் சொன்னால்தான் சிலிண்டர் போட்டதாகக் கணக்கில் ஏறும். யாரும் அதை வெளியே எழுதிவைக்க மாட்டார்கள். அவன் திரும்பினான். நீலக்கதவில், மயில் தகட்டுக்கு மேலே, சாக்பீஸால் நாலு எண்கள். அவனுக்கு ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. எண்கள் மட்டும்தான், அவசரத்தில் எழுதியது, கடைசி எண்ணின் வால் நிலைப்படியில் ஏறியிருந்தது.

எண்ணைக் கைப்பேசியில் அடித்தான். பச்சை விளக்குப்போல் 'முடிந்தது' என்று வந்தது. கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான். ரேணுகாதேவியின் கதவருகே வாளியில் மிச்சமிருந்த சோப்புத் தண்ணீரில் உள்ளங்கையை நனைத்து, நாலு எண்ணையும் துடைத்தான். வெள்ளைக் கறை லேசாக நின்றது. சட்டை முனையால் அதையும் துடைத்தான்.

சந்துமுனையில் தென்னரசு ஹாரன் அடித்தான். ஏறி உட்கார்ந்ததும், "அவ்ளோ நேரம் இன்னாடா கதவாண்ட? இன்னா எழுதியிருந்திச்சி?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல" என்றான் ஜீவானந்தம். "வண்டிய எடு."